முதலில் கேட்பவரிடம் பேசுங்கள்: குமரி மாவட்ட ஆட்சித் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான வன்முறையை ஒழிக்கக் கோரும் 16 நாள் பரப்புரை மறுபடியும் வருகிறது. பேரணி எந்தச் சாலையில், உறுதிமொழியை யார் வாசிப்பது, எந்தப் பள்ளியிலிருந்து எத்தனை பிள்ளைகளை அழைப்பது என்று திட்டமிடும் காலம் இது. அந்தக் கோப்பு உங்கள் மேசைக்கு வரும் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். இந்த முறை மைக்கைப் பொதுமக்கள் பக்கம் திருப்ப வேண்டாம். அடிபட்ட பெண்ணோ, தொல்லைக்கு ஆளான குழந்தையோ முதன்முதலாக யாரிடம் வாய் திறக்கிறார்களோ, அந்த ஆளைத் தேடிப் போய்ப் பேசுங்கள்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். நாடு முழுவதும் பார்த்தால், உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் யாரிடமும் மூச்சே விடவில்லை. வாய் திறக்கும் சிலரும் நேராகக் காவல் நிலையத்துக்குப் போவதில்லை. நம் மாவட்டத்தில் அவர்கள் போவது அங்கன்வாடி டீச்சரிடம், கிராம சுகாதாரச் செவிலியரிடம், மகளிர் குழுத் தலைவியிடம், கத்தோலிக்கப் பங்கின் சிறு குழுவான அன்பியத்தின் பொறுப்பாளரிடம், உபதேசியார் வீட்டம்மாவிடம், ஜமாஅத்தில் தெரிந்த பெரியவரிடம், தையல் கடைக்காரியிடம், அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பக்கத்தில் உட்கார்ந்து பருப்பு உரிக்கும் தோழியிடம். குழந்தை என்றால் வகுப்பாசிரியையிடம், அல்லது பாட்டியிடம்.

விளம்பரம் செய்வது அரசு மனமுவந்து செய்யும் உபகாரம் அன்று. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 43ஆம் பிரிவும், சட்டத்தில் உள்ளதை ஊடகங்கள் வழியே சீரான இடைவெளியில் மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அரசுக்குக் கடமையே விதித்திருக்கின்றன. இரண்டிலும் கவனிக்க வேண்டியது, சொல்லச் சொல்லியிருப்பது சட்டத்தின் ஏற்பாடுகளை. ‘பெண்மையைப் போற்றுவோம்’ என்ற பதாகை அந்தக் கடமையில் சேராது. தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் என்று மேடையில் முழங்கிவிட்டு, குடும்ப வன்முறைச் சட்டப்படி உதவ வேண்டிய பாதுகாப்பு அலுவலர் எந்தக் கட்டடத்தில் எந்த அறையில் இருக்கிறார் என்று சொல்லாமல் கூட்டத்தை முடித்தால், வந்தவர்கள் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவார்கள்.

முதலில் கேட்பவர் தவறும் விதம் இரண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரியும்: ‘பிள்ளைகளை நினைத்துப் பொறுத்துப் போ.’ இன்னொன்று நல்லெண்ணத்தில் வருவது: ‘எழும்பு, இப்பவே போலீசுக்குப் போவோம்.’ எந்த ஏற்பாடும் இல்லாமல் போனால் என்ன நடக்கும்? மனு வாங்குவார்கள். கணவரைப் போனில் கூப்பிடுவார்கள். இரண்டு பேரையும் உட்கார வைத்து அறிவுரை சொல்வார்கள். சாயங்காலம் அவள் அதே வீட்டுக்கு அதே மனிதரோடு திரும்புவாள். புகார் கொடுத்த அன்றும், வீட்டை விட்டுக் கிளம்பும் அன்றும்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். அந்த இரவைத் தாண்ட இடம் பார்க்காமல் புகார் எழுதக் கூடாது.

ஆகவே முதலில் கேட்பவருக்கு ஒரு மணி நேரப் பயிற்சி போதும், ஆனால் அது இந்த வரிசையில் இருக்க வேண்டும். தனியாக வைத்துக் கேட்க வேண்டும். மாமியாரோ நாத்தனாரோ, பேச்சுப் புரியும் வயதுப் பிள்ளையோ பக்கத்தில் இருக்கக் கூடாது. குறுக்கே பேசாமல் கேட்ட பிறகு, சில கேள்விகளை மட்டும் நேராகக் கேட்க வேண்டும். கழுத்தை எப்போதாவது நெரித்தாரா? வெட்டுகத்தி, மண்ணெண்ணெய், ஆசிட் என்று எதையாவது காட்டி மிரட்டினாரா? கொன்றுவிடுவேன் என்றோ, செத்துவிடுவேன் என்றோ சொல்கிறாரா? அடி முன்பைவிட அடிக்கடி விழுகிறதா? நீ இப்போது கர்ப்பமா? பிள்ளைகள் மீதும் கை வைக்கிறாரா? இதில் கழுத்து பற்றிய கேள்வியை விட்டுவிடவே கூடாது. கழுத்தை நெரித்தவர் பின்னாளில் கொலை வரை போகும் வாய்ப்பு கூடுதல் என்பது பல நாடுகளின் ஆய்வுகள் உறுதிசெய்த விஷயம். நெரித்த கழுத்தில் வெளித்தடம் பல நேரம் இருக்காது. குரல் கம்முவது, எச்சில் விழுங்க முடியாமை, கண்வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், சற்று நேரம் நினைவு தப்பியது, தன்னை அறியாமல் சிறுநீர் போனது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். ‘காயம் ஒன்றும் இல்லையே’ என்று விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

பிறகு, வீட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால் எடுத்துப்போக வேண்டிய பை. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, திருமணப் பதிவுச் சான்று அல்லது கோயில் சான்று, பழைய மருத்துவச் சீட்டுகள், நகை வாங்கிய பில், அடகுக் கடைச் சீட்டு. அசலை எடுக்க முடியாவிட்டால் ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்து நம்பிக்கையான வேறொருவரின் போனுக்கு அனுப்பிவிட்டு, தன் போனில் அழித்துவிட வேண்டும். மகளிர் உதவி எண்ணான 181க்கு அழைத்தால் அந்த எண்ணையும் அழைப்புப் பட்டியலிலிருந்து அழிக்க வேண்டும். குடும்ப வன்முறைச் சட்ட விதிகளில் ஐந்தாம் படிவமாக ஒரு பாதுகாப்புத் திட்டமே அச்சடித்து வைத்திருக்கிறார்கள், நான்காம் படிவம் அவளுடைய உரிமைகளைச் சொல்கிறது. இந்த இரண்டு தாளையும் தமிழில், பெரிய எழுத்தில், 16 நாளுக்குள் ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் ஒவ்வொரு குழுக் கூட்டமைப்புக்கும் போய்ச்சேரச் செய்தாலே, எந்தப் பேரணியையும்விடப் பெரிய காரியம்.

அடுத்து மருத்துவமனை. அடிபட்டவள் அரசு மருத்துவமனையில் பணியிலிருக்கும் டாக்டரிடம் முதலில் என்ன சொல்கிறாளோ, அதுதான் விபத்துப் பதிவேட்டில் ஏறும். கூட வந்த கணவர் பக்கத்தில் நிற்க, ‘குளியலறையில் வழுக்கி விழுந்தேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் அந்த வரியே எதிராக நிற்கும். யார், எதனால், எப்போது அடித்தார் என்பதை அவள் சொல்ல, கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் கேட்க வேண்டும். அந்தப் பதிவேட்டின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, கேட்டு வாங்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

பாலியல் வன்கொடுமை என்றால் கடிகாரம் ஓடுகிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எத்தனை சீக்கிரமோ அத்தனை நல்லது. கருத்தடை அவசர மாத்திரைக்கும் அதே அவசரம். உடலிலிருந்து சான்று எடுக்க 96 மணி நேரம் வரை முயலலாம் என்று மத்திய சுகாதாரத் துறையின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்காகக் குளித்துவிட்டவரையும் துணியைத் துவைத்துவிட்டவரையும் ‘இனி பயனில்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. எப்போது வந்தாலும் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. அன்று உடுத்திய துணியைப் பிளாஸ்டிக் கவரில் கட்டக் கூடாது. நவம்பர் மழைக்காற்றில் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெட்டுப்போகும். நிழலில் ஆறவிட்டு, ஒவ்வொரு துணியையும் தனித்தனியாகக் காகித உறையில் வைக்க வேண்டும். செய்தித்தாளில் சுற்றினாலும் பிளாஸ்டிக்குக்கு மேல். இது பத்து நொடியில் சொல்லிவிடக்கூடிய தகவல். ஒரு பதாகையிலும் பார்க்க முடிவதில்லை.

சிகிச்சைக்கு எஃப்.ஐ.ஆர். முன்நிபந்தனை இல்லை. புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 397ஆம் பிரிவின்படி அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், பாலியல் வன்கொடுமைக்கும் ஆசிட் வீச்சுக்கும் ஆளானவருக்கு உடனே இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ தர வேண்டும். மறுத்தால் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 200ஆம் பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. இரண்டு விரல் பரிசோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. 2022 அக்டோபரில், அதைச் செய்வோர் ஒழுங்கீனம் செய்த குற்றவாளியாவார் என்று மறுபடியும் அடித்துச் சொன்னது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து தாலுகா மருத்துவமனைகள் வரை, பரிசோதனைப் பெட்டி காலாவதியாகாமல் இருக்கிறதா, இரவுப் பணியில் பெண் டாக்டர் உண்டா, காகித உறை கையிருப்பில் இருக்கிறதா என்று நவம்பர் 25க்கு முன்பே ஒரு ஆய்வு நடத்துங்கள். கதவைச் சரிபார்க்காமல் ஆட்களை அழைப்பது நியாயமில்லை.

காவல் நிலையம் பற்றி மூன்று விஷயம் ஊருக்குத் தெரிந்தால் போதும். எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை காரணம் காட்டித் திருப்ப முடியாது. இதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர்., 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். 173இலேயே எழுதப்பட்டுவிட்டது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பாறசாலையில் சம்பவம் என்று இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் அலையும் மேற்கு எல்லைக் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. இரண்டாவது, புகார் வந்ததை மட்டும் குறிக்கும் சி.எஸ்.ஆர். ரசீது பாலியல் குற்றத்தில் எஃப்.ஐ.ஆருக்குப் பதிலாகாது, எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். மூன்றாவது, மறுத்தால் அந்தப் புகாரின் சாரத்தை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம்; அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இத்தகைய குற்றங்களில் புகாரைப் பதியாத அலுவலருக்கே 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை என்று பி.என்.எஸ். 199 சொல்கிறது.

எல்லாப் பெண்களும் வழக்கு கேட்பதில்லை. அடி நிற்க வேண்டும், வீட்டில் இருக்க வேண்டும், பிள்ளைகளுக்குச் செலவுக்கு வேண்டும். பெரும்பாலானோர் கேட்பது இவ்வளவுதான். அதற்கான வழி குடும்ப வன்முறைச் சட்டம், ஆள் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர், தாள் முதலாம் படிவமான குடும்பச் சம்பவ அறிக்கை. இந்தப் படிவம் சரியாக நிரம்பாததால் கெட்டுப்போகும் மனுக்கள் ஏராளம். ‘அடிக்கடி அடிப்பார், குடிப்பார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். படிவம் தேதி, நேரம், இடம், செய்தவர் என்று தனித்தனிக் கட்டம் கேட்கிறது. தேதி நினைவில்லை என்றால், ‘திருவிழாக் கொடியேற்றத்துக்கு மறுநாள்’, ‘மூத்தவளின் முதல் நற்கருணை வாரம்’, ‘கொடைக்கு முந்தின வெள்ளி’ என்று அவள் நினைவிலிருந்தே பிடித்துத் தேதிக்குக் கொண்டுவர வேண்டும். உடல், பாலியல், சொல்லும் மனமும் சார்ந்தது, பொருளாதாரம் என்று நான்கு வகைக்கும் இடம் இருக்கிறது. நான்காவதை யாரும் நிரப்புவதில்லை. சம்பள ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கி வைத்தது, கல்யாண நகையை அடகு வைத்துத் திருப்பாதது, வளைகுடாவிலிருந்து பணம் அனுப்புவதை நிறுத்தியது எல்லாம் அந்தக் கட்டத்தில் வர வேண்டியவை. நகையைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவிட 19(8)ஆம் உட்பிரிவு இருக்கிறது.

மனு மாஜிஸ்திரேட்டிடம் போனதும் முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு 2 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்பது சட்டத்தின் கால அளவு. நடைமுறை எப்படி என்பது உங்களுக்கே தெரியும். அறிவிப்பு சேராததுதான் முதல் தாமதம். கடலில் இருப்பவர், வெளிநாட்டில் இருப்பவர், முகவரி மாற்றியவர் என்று வாய்தா நீளும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாம் படிவத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் சேர்த்தால், 23ஆம் பிரிவின்படி எதிர்த்தரப்பு வராமலே இடைக்கால உத்தரவு பெற முடியும். அந்தப் பத்திரத்தைச் சேர்க்க மறந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். தாய்வீட்டுக்கு வந்துவிட்டவள் கணவர் ஊர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதும் இல்லை. விளவங்கோட்டில் வாழ்க்கைப்பட்டு இப்போது தோவாளையில் அம்மாவோடு இருப்பவள், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடம் என்ற அடிப்படையில் பூதப்பாண்டியிலேயே மனு போடலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்பவருக்கு: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

நகை என்றதால் ஒரு சின்ன விலகல். வரதட்சணை குற்றம் என்று பதாகை பிடிக்கிறோம். ஆனால் மணப்பெண்ணுக்கும் மணமகனுக்கும் கிடைத்த பரிசுகளைப் பட்டியலிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று 1985 முதலே விதி இருப்பதைக் கல்யாண வீட்டில் யாரும் சொல்வதில்லை. தேவாலயப் பங்குகளில் நடக்கும் திருமண முன்தயாரிப்பு வகுப்பிலும், ஜமாஅத் நிக்காஹ் பதிவேட்டோடும், மண்டபத்து மேலாளர் மேசையிலும் அந்தப் பட்டியல் படிவம் இருக்கட்டும். சவரன் கணக்கை வாயாலேயே பேசிப் பழகிய மாவட்டம் இது. தாளில் ஏறினால் பிறகு சண்டை வரும்போது அவளிடம் ஒரு பிடிமானம் இருக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் நாங்கள் கொஞ்சம் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. ‘பேசி முடிச்சாச்சு’ என்ற சொல் இங்கே ஊர்க்கமிட்டியிலும் புழங்குகிறது, பள்ளி நிர்வாகத்திலும் புழங்குகிறது. போக்சோ குற்றத்தைப் பேசி முடிக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. தெரிந்தும் சொல்லாதவருக்கு 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும். பங்குப்பேரவை, ஜமாஅத், கோயில் நிர்வாகம், டியூஷன் சென்டர், நீச்சல் பயிற்சி, வேதபாட வகுப்பு, யாருக்கும் விலக்கில்லை. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவருக்கு எந்தப் பொறுப்பும் வராது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பயம் அங்கேதான் இருக்கிறது.

பள்ளியில் வழக்கைக் கெடுப்பது பெரும்பாலும் ‘உள்விசாரணை’. வகுப்பாசிரியை கேட்பார், தலைமையாசிரியர் கேட்பார், தாளாளர் கேட்பார், கடைசியில் குற்றம் சாட்டப்பட்டவரையே வரவழைத்து எதிரில் நிறுத்திக் கேட்பார்கள். ஆறு வாய்க்கு ஆறு விதமாகப் பதில் சொன்ன குழந்தையை, பிற்பாடு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பொய்சாட்சி என்பார். செய்ய வேண்டியது சிறிது. ஒருவர் ஒருமுறை கேட்கட்டும். ‘அவர் இங்கே தொட்டாரா?’ என்று நாம் எடுத்துக்கொடுக்காமல், ‘பிறகு என்ன நடந்தது?’ என்று மட்டும் கேட்கட்டும். குழந்தை சொன்ன சொல்லையே, கொச்சையானாலும் மாற்றாமல், தேதி நேரத்தோடு எழுதட்டும். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்க வேண்டாம், அது நடக்காது. பிறகு குழந்தைகள் உதவி எண் 1098, அல்லது காவல் நிலையம். அன்றே. சி.சி.டி.வி. இருந்தால் பதிவுப் பெட்டியை உடனே பாதுகாக்க வேண்டும். பழையதன்மேல் புதியது எழுதிக்கொண்டே போகும், சில வாரங்களில் ஒன்றும் மிஞ்சாது.

பெற்றோர் பயப்படுவது போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கு. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ எடுக்க வேண்டும், இயன்றவரை எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையில்லாமல்; இரவில் நிலையத்தில் வைக்கவே கூடாது; 24 மணி நேரத்துக்குள் குழந்தை நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் போக வேண்டும். இதைப் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் ஒரு பெண் எஸ்.ஐ.யே சாதாரண உடையில் வந்து சொன்னால் பாதி பயம் போகும்.

பள்ளிகளில் உள்ள ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டிகளையும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். தலைமையாசிரியர் அறை வாசலிலோ கேமராவுக்குக் கீழேயோ மாட்டியிருந்தால் எந்தப் பிள்ளையும் சீட்டுப் போடாது. கழிப்பறைக்குப் போகும் வழி போல, எல்லோரும் இயல்பாகக் கடக்கும் இடம் வேண்டும். இரண்டு பூட்டு, இரண்டு சாவி, ஒரு சாவி பள்ளிக்கு வெளியே உள்ளவரிடம். பள்ளிக் கல்வி உதவி எண்ணான 14417ஐக் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள்.

வேலையிடத்துப் பாலியல் தொல்லையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம், சட்டம் தெளிவாக இருப்பதால். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு. அதற்குக் குறைந்தாலோ, முதலாளியே குற்றம் சாட்டப்பட்டவர் என்றாலோ மாவட்டத்தின் உள்ளூர்க் குழு. ஜவுளிக்கடை, நகைக்கடை, கன்னியாகுமரி லாட்ஜ், மீன் ஏலக்கூடம், செங்கல் சூளை, வீட்டுவேலை என்று நம் மாவட்டத்துப் பெண்கள் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டத்திலும் மனு வாங்கி 7 நாளுக்குள் உள்ளூர்க் குழுவுக்கு அனுப்ப ஒரு பொறுப்பு அலுவலரை நியமிக்கச் சொல்கிறது. அவர் யார் என்று 9 ஒன்றிய அலுவலக வாசலிலும் பெயரோடும் தொலைபேசி எண்ணோடும் எழுதி வையுங்கள். குழு உறுப்பினர் பதவிக்காலம் அதிகபட்சம் 3 ஆண்டு. காலாவதியான குழுவுக்குப் புகார் போனால் அந்த விசாரணையே செல்லாது என்று வாதாடுவார்கள். புகாருக்கு 3 மாதக் கெடு உண்டு, தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம். கெடு தெரியாமல் தவறவிடுபவர்கள்தான் அதிகம்.

படத்தை வைத்து மிரட்டும் குற்றத்தில், 2020இல் நாகர்கோவிலில் பதிவான வழக்கு நம் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் துணிந்து புகார் கொடுத்த பிறகே மற்றப் பெண்கள் வந்தார்கள். 2023இல் நாகர்கோவில் மகளிர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. இளம்பெண்களிடம் சொல்ல வேண்டியது: மிரட்டல் செய்தியை அழிக்காதே, போனை மாற்றாதே, ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, வந்த போனே சான்று. அந்தரங்கப் படத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் சமூக ஊடக நிறுவனம் 2 மணி நேரத்துக்குள் (2026 பிப்ரவரித் திருத்தத்துக்கு முன் 24 மணி நேரம்) நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021 விதிகள் சொல்கின்றன.

இனி எப்போது, எங்கே. 16 நாளும் நாகர்கோவிலில் நடந்தால் போதாது. நீரோடியிலிருந்தோ வள்ளவிளையிலிருந்தோ ஆட்சியர் அலுவலகம் வந்து திரும்ப ஒரு நாள் கூலி போகும். பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகள் சிலவற்றுக்குப் படகில்தான் போக வேண்டும். போன் சிக்னலும் கிடைக்காத இடத்தில் 181 என்று சுவரில் எழுதிப் பயனில்லை, அங்கே மாதம் ஒருமுறை பாதுகாப்பு அலுவலர் போக வேண்டும். ரப்பர் வெட்டுபவர்களுக்கு விடியலில் வேலை. காலைக் கூட்டம் அவர்களுக்கு ஆகாது, மதியத்துக்கு மேல் வையுங்கள். தூத்தூர் பகுதி ஆழ்கடல் மீனவர்கள் நவம்பர் கடைசியில் பெரும்பாலும் கடலில் இருப்பார்கள். ஆண்களோடு பேச வேண்டிய பேச்சை, மேற்குக் கடற்கரை மீன்பிடித் தடைக் காலமான ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைக்கு எடுத்து வையுங்கள். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. வீட்டில் வருமானம் நின்று, ஆண்கள் கரையில் இருக்கும் அந்த மாதங்களில்தான் அந்தப் பேச்சு அதிகம் தேவைப்படும்.

கிராமசபைக்கு நவம்பர் 1 உண்டு. குமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளும் அதுவே, பலருக்கு விடுமுறை. ஊராட்சி அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் உறுப்பினர் பெயர்களை அன்று சபையில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது கூடியது என்பதையும் வாசிக்கட்டும். வாசிக்க ஒன்றும் இல்லாத ஊராட்சிகளுக்குப் பயிற்சி நாட்களை முதலில் ஒதுக்கலாம்.

அச்சிடுவது குறித்து: ரேஷன் கடைச் சுவரில் உள்ள எண்ணைக் கணவரும் பார்ப்பார், அவள் நின்று எழுதிக்கொள்ள மாட்டாள். வடசேரி, அண்ணா, மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பேருந்து நிலையங்களின் பெண்கள் கழிப்பறைக் கதவு உட்புறம், மகப்பேறு வார்டு, தடுப்பூசி போடும் இடம், அண்டி ஆபீஸ் ஓய்வறை ஆகியவைதான் நல்ல இடம். ஆதார் அட்டை அளவில் ஒரு கார்டு போதும். அதில் 181, 1098, 112, 15100, பாதுகாப்பு அலுவலர் எண், ஒருங்கிணைந்த சேவை மைய முகவரி. அங்கே 5 நாள் வரை தங்கலாம், பெண் பிள்ளைகளையும் சிறு வயது ஆண் பிள்ளைகளையும் அழைத்து வரலாம் என்று ஒரு வரி. பின்புறம் தடுப்பூசி அட்டவணையோ பேருந்து நேரமோ அச்சடித்தால் பையில் இருப்பது யாருக்கும் உறுத்தாது. எல்லைப் பகுதிக்கு மலையாளத்திலும், சூளைகளுக்கும் தோட்டங்களுக்கும் இந்தி, வங்காளம், ஒடியாவிலும் தேவை. அச்சடிக்கும் முன் ஒவ்வொரு எண்ணையும் இரவு 11 மணிக்கும் ஞாயிறு மதியமும் யாராவது அழைத்துப் பார்க்கட்டும்.

செய்ய வேண்டாதவையும் உண்டு. பாதிக்கப்பட்டவரை மேடையேற்றிப் பேச வைக்க வேண்டாம். முகத்தை மறைத்தாலும் ஊர், வயது, பள்ளி மூன்றையும் சேர்த்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அடையாளத்தை வெளியிடுவது குற்றமும் ஆகும். ‘தவறான தொடுதல்’ நாடகத்தில் நடிக்கச் சிறு பிள்ளைகளைப் பயன்படுத்த வேண்டாம். நிகழ்ச்சி முடிந்த அரை மணி நேரத்தில்தான் யாராவது ஒரு பிள்ளை வந்து எதையோ சொல்லும். அந்த நேரம் எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர், எந்த மேடை வேலையும் இல்லாமல், கடைசிப் பிள்ளை போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதுங்கள்.

டிசம்பர் 10 அன்று நிறைவு விழாவுக்குப் பதிலாக ஒரே ஒரு தாள் கேட்கிறோம். அந்த ஆண்டு பதிவான குடும்பச் சம்பவ அறிக்கைகள் எத்தனை, அவற்றில் 3 நாளுக்குள் முதல் விசாரணைக்கு வந்தவை எத்தனை, 60 நாளுக்குள் முடிந்தவை எத்தனை. போக்சோ வழக்குகளில் எத்தனை குழந்தைகளுக்கு வழக்கு முழுவதும் கூட நிற்கும் துணைநபர் நியமிக்கப்பட்டார், எத்தனை பேருக்கு இடைக்கால நிவாரணம் கைக்குக் கிடைத்தது. உள்ளூர்க் குழுவுக்கு வந்த மனு எத்தனை, 90 நாளில் முடிந்தது எத்தனை. ஊர்ப்பெயர் வேண்டாம், சிறிய ஊரில் எண்ணிக்கையே ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஒன்றிய அளவில் போதும். ஆட்சியர் அலுவலகப் பலகையிலும் 9 ஒன்றிய அலுவலகங்களிலும் அது ஒட்டப்பட வேண்டும். முதல் வருடம் சில கட்டங்களில் சுழியம் வரும். அதைத் திருத்தாமல் அப்படியே வெளியிடுங்கள். அடுத்த நவம்பரில் எந்த ஒன்றியத்தில் பயிற்சியைத் தொடங்குவது என்று அதை வைத்தே சொல்லிவிடுகிறோம்.

இப்படிக்கு,
குமரி மாவட்டத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான சட்ட உதவிப் பணியில் உள்ளோர்,
நாகர்கோவில்